சாம்பியன் கையில் இருந்தும் ரெட் புல் ஏன் மூன்றாம் இடம்? 2024 ஃபார்முலா 1 பற்றி 2025 தொடக்கத்தில் எழுதிய ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, அந்த உற்சாகத்தில் ஃபார்முலா 1 பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். அதன்பிறகு அஜர்பைஜானின் பாகுவிலிருந்து அபுதாபி வரை நடந்த எட்டுப் பந்தயங்களில் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஜெயித்தது இரண்டே இரண்டு. ஆனாலும் அவர்தான் உலக சாம்பியன். அவருடைய ரெட் புல் அணியோ அணிகளின் பட்டியலில் மூன்றாவது. இது எப்படிப் பொருந்தும், 2025-இல் எந்த அணியை நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. கார் நல்ல காரா, இல்லை ஓட்டுகிறவர் நல்லவராக இருப்பதால் நல்ல காராகத் தெரிகிறதா? அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சென்ற ஆண்டும் புரியும், வரப்போவதும் ஓரளவு புரியும்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் ஃபார்முலா 1 அணி எதிலும் வேலை பார்த்ததில்லை. நம் ஊர்ப் பந்தயங்களில், இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும், இரண்டு கார் வைத்திருந்த ஒரு சின்ன அணிக்குப் பதினைந்து வருடம் செட்டப்பும் டேட்டாவும் பார்த்தவன். ஆகவே கீழே வரும் புள்ளிக் கணக்கு உறுதியானது, யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். கார் ஏன் அப்படி நடந்துகொண்டது என்பது வெளியிலிருந்து பார்த்து நான் செய்யும் ஊகம், ஆனால் காரணத்தோடு செய்யும் ஊகம். 2025 பற்றிச் சொல்வது வெறும் கணிப்பு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடாமல் சொல்லப் பார்க்கிறேன்.

ஃபார்முலா 1-இல் பட்டம் இரண்டு. ஒன்று ஓட்டுநருக்கு, இன்னொன்று அணிக்கு. அணியின் புள்ளி என்பது அதன் இரண்டு கார்களும் சேர்த்துச் சம்பாதித்தது. ஊர் பேசுவது ஓட்டுநர் பட்டத்தைத்தான், ஆனால் பரிசுப் பணம் பிரிவது அணிகளின் வரிசைப்படி. அதனால்தான் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டாவது பட்டம் அவ்வளவு முக்கியம். 2024 கடைசிக் கணக்கு: மெக்லாரன் 666, ஃபெராரி 652, ரெட் புல் 589, மெர்சிடிஸ் 468. அதற்கு அடுத்த ஆஸ்டன் மார்ட்டின் 94. அதாவது நான்கு அணிகள் ஒரு மலையில், மீதி ஆறு அணிகள் அடிவாரத்தில். 2023-இல் ரெட் புல் மட்டும் 860 புள்ளி எடுத்து, 22 பந்தயத்தில் 21-ஐ ஜெயித்திருந்தது. ஒரே வருடத்தில் அந்த அணி 271 புள்ளி சரிந்தது, அதுவும் பந்தயங்களின் எண்ணிக்கை 24 ஆகக் கூடிய வருடத்தில்.

இப்போது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கத்துக்கு வருவோம். முதல் பத்துப் பந்தயங்களில் வெர்ஸ்டாப்பன் ஏழு ஜெயித்தார், அப்போது குதிரில் சேர்த்த நெல்லை வைத்து மீதி வருடத்தை ஓட்டிவிட்டார் என்பார்கள். பாதி உண்மை. பத்தாவதான ஸ்பெயின் முடிந்தபோது அவர் 219, மெக்லாரனின் லாண்டோ நோரிஸ் 150, இடைவெளி 69. அதன்பிறகு ஆஸ்திரியாவிலிருந்து மெக்சிகோ வரை தொடர்ந்து பத்துப் பந்தயம் அவருக்கு வெற்றியே இல்லை. ஆனால் குதிர் காலியானதா என்று பாருங்கள். நீங்கள் பார்க்கத் தொடங்கிய பாகுவிலிருந்து கடைசி வரை, ஸ்பிரின்ட் (சில வாரங்களில் கூடுதலாக நடக்கும் குறும்பந்தயம்) புள்ளிகளையும் சேர்த்து, நோரிஸ் எடுத்தது 133. வெர்ஸ்டாப்பன் எடுத்தது 134. மெக்லாரன்தான் வேகமான கார் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த எட்டுப் பந்தயங்களின் கணக்கு இது. அவர் பழைய சேமிப்பைத் தின்னவில்லை, தினம் சம்பாதித்துக்கொண்டேதான் இருந்தார். ஐந்தாம் இடம், ஆறாம் இடம், நடுவே ஒரு இரண்டாம் இடம். பிரேசிலில் மழையில் 17-ஆவது இடத்திலிருந்து கிளம்பி ஜெயித்தாரே, அதைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம். லாஸ் வேகாஸில் பட்டம் உறுதியானபோதுகூட அவர் வந்தது ஐந்தாவதாகத்தான்.

அப்படியானால் அணியின் புள்ளி எங்கே போனது? இரண்டாவது காரில். செர்ஜியோ பெரெஸ் அந்த வருடத்தை மோசமாகத் தொடங்கவில்லை. முதல் ஐந்து பந்தயங்களில் நான்கு முறை முதல் மூன்று இடத்துக்குள் வந்து மேடை ஏறினார். மயாமி முடிந்தபோது, ஆறு பந்தயங்களில், அவரிடம் 103 புள்ளி இருந்தது. வருடக் கடைசியில் 152. ஆக, மீதி 18 பந்தயங்களுக்கு அவர் சேர்த்தது 49. நீங்கள் பார்த்த எட்டுப் பந்தயங்களில் வெறும் ஒன்பது. ஒரே நிறம், ஒரே தொழிற்சாலை, ஒன்றில் 134, இன்னொன்றில் 9.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ரெட் புல்லின் 589-உடன் 78 சேர்த்தால் 667, மெக்லாரனைவிட ஒன்று கூட. அதாவது பெரெஸ் 230 புள்ளி எடுத்திருந்தால் போதும். மெர்சிடிஸில் மனம் ஒட்டாமல் கடைசி வருடத்தை ஓட்டிய லூயிஸ் ஹாமில்டன் எடுத்தது 223. கிட்டத்தட்ட அவ்வளவுதான் தேவைப்பட்டது. உண்மையில் இன்னும் குறைவே போதும், ஏனென்றால் பெரெஸ் முன்னால் வந்திருந்தால் சில புள்ளிகள் மெக்லாரனிடமிருந்தும் ஃபெராரியிடமிருந்தும் கழிந்திருக்கும்.

இங்கேதான் பலரும் பெரெஸை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் எங்கள் அணியில் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றினோம். வேகமான பையன் அதே நாளில் சுற்றுக்குப் பத்தில் மூன்று பங்கு நொடி குறைத்தான். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு பையன், "அண்ணா, பின்னாடி நிக்கவே மாட்டேங்குது" என்றான். நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. அவனுக்குத் தைரியம் போதாது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். இரண்டு சுற்றுப் போட்டி கழித்து வெயில் ஏறி ட்ராக் சூடானதும், வேகமான பையனும் அதே வளைவில் சுழன்று மணலில் போய் நின்றான். மெதுவான பையன் சொன்னதுதான் சரி. வேகமானவன் காரின் குறையைத் தன் கையாலேயே மறைத்துக்கொண்டிருந்தான், அவனுக்கே தெரியாமல். அன்றிலிருந்து எந்த அணியைப் பற்றிக் கேட்டாலும் முதலில் இரண்டாவது காரின் நேரத்தைத்தான் எடுத்துப் பார்ப்பேன். காய்ச்சலை அளக்க நல்ல தெர்மாமீட்டர் அதுதான்.

ரெட் புல்லில் நடந்தது இதே கதையின் பெரிய வடிவம் என்பது என் ஊகம். வெர்ஸ்டாப்பனுக்கு முன்பக்கம் கூர்மையாகத் திரும்ப வேண்டும், பின்பக்கம் கொஞ்சம் நழுவினாலும் அவருக்குக் கவலை இல்லை. 2019-இல் பியர் காஸ்லியும் 2020-இல் அலெக்ஸ் ஆல்பனும் அதே இரண்டாவது இருக்கையில் தடுமாறி வெளியே போனார்கள். இருவருமே மற்ற அணிகளில் நன்றாக ஓட்டுகிறவர்கள். ஆகவே இது ஒரு ஆளின் பிரச்சினை இல்லை. 2024 நடுவில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒத்துப்போகாத நிலை வந்தபோது முதலில் விழுந்தது பெரெஸ். செப்டம்பர் தொடக்கத்தில் இத்தாலியின் மான்சாவில் வெர்ஸ்டாப்பன் ஆறாவதாக வந்து வெளிப்படையாகப் புலம்பியபோதுதான் எல்லோரும் விழித்தார்கள். தெர்மாமீட்டர் மே மாதமே காட்டிவிட்டது. அப்படியிருந்தும் ஜூன் தொடக்கத்தில் பெரெஸின் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். டிசம்பரில் அவரை அனுப்பினார்கள். இரண்டு முடிவில் எது தவறு என்று கேட்டால், முதலாவது என்பேன்.

கார் ஏன் கெட்டது? இதில் உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம், சந்தேகத்துக்கு இடமானது நிறைய. உறுதியானது: 2025 வரைக்குமான விதிகளில் காரின் பிடிப்பில் பெரும்பங்கு அடித்தளத்திலிருந்து வருகிறது. அடித்தளம் தரைக்கு நெருங்க நெருங்கப் பிடிப்பு கூடும், ஒரு எல்லை தாண்டினால் கார் குதிக்கத் தொடங்கும். அந்த எல்லையை விண்ட் டனலில் (காற்றை ஊதி மாதிரிக் காரைச் சோதிக்கும் கூடம்) 60 சதவிகித அளவுக்கு மேல் போகாத மாதிரியை வைத்து, மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேற்படாத காற்றில்தான் தேட முடியும். மாதிரி காட்டும் எண் ட்ராக்கில் வராமல் போவது எந்த அணிக்கும் நடக்கக்கூடியது. ஃபெராரிக்கு ஸ்பெயினில் கொண்டுவந்த புதிய அடித்தளத்தில் நடந்தது, ஆஸ்டன் மார்ட்டினுக்கு வருடம் முழுக்க நடந்தது. ரெட் புல் 2024-இல் பயன்படுத்திய டனல் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டில் இருக்கிறது, பல பத்தாண்டு பழையது. மெக்லாரன் 2023-இல்தான் தன் வளாகத்திலேயே புதிய டனலைத் திறந்தது, அதுவரை ஜெர்மனியில் கொலோனில் இருக்கும் டொயோட்டா டனலுக்கு மாதிரியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். இரண்டு அணிகளின் பாதையும் அதன்பிறகு எதிரெதிராகப் போனதில் இந்த வேறுபாட்டுக்குப் பங்கு இருக்க வேண்டும்.

சந்தேகத்துக்கு இடமானது ரெட் புல்லின் தலைசிறந்த கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி விஷயம். மே 1-ஆம் தேதி அவர் விலகும் செய்தி வந்தது, அதன்பிறகு கார் சரிந்தது, ஆகவே அவர் போனதால்தான் சரிந்தது என்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. மே மாதம் ட்ராக்குக்கு வரும் பாகம் அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வரைந்து முடித்தது. அவர் போனதன் விளைவு தெரிய வேண்டுமானால் 2025-இல்தான் தெரியும். அதைவிட ராப் மார்ஷல் ரெட் புல்லிலிருந்து மெக்லாரனுக்குப் போய் 2024 ஜனவரியில் வேலையில் சேர்ந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பெயர் அதிகம் வெளியே வராதவர், ஆனால் காரைத் தாளிலிருந்து இரும்புக்குக் கொண்டுவரும் வேலை அவருடையது.

மெக்லாரனை எடுத்துக்கொள்வோம். 2023 தொடக்கத்தில் பஹ்ரைனில் நோரிஸ் கடைசி ஆளாக 17-ஆவது வந்தார், அவருடைய சக ஓட்டுநர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி பந்தயத்தையே முடிக்கவில்லை. இருபத்தொரு மாதத்தில் அணிப் பட்டம். அது அவர்களுக்கு 1998-க்குப் பிறகு முதல் முறை. திருப்பம் 2024 மயாமி. அங்கே கொண்டுவந்த பெரிய மாற்றத்தோடு நோரிஸ் தன் 110-ஆவது பந்தயத்தில் முதல் வெற்றி பெற்றார். அதன்பிறகு கார் கிட்டத்தட்ட எல்லா ட்ராக்கிலும் முன்வரிசையில் இருந்தது. ஆனால் ஓட்டுநர் பட்டம் கைநழுவியதற்கு அவர்களே காரணம். ஹங்கேரியில் டயர் மாற்ற எந்தக் காரை முதலில் அழைப்பது என்ற வரிசையைக் குழப்பிக்கொண்டு, முன்னால் போன நோரிஸைப் பியாஸ்ட்ரிக்கு வழிவிடச் சொல்லிக் கெஞ்சினார்கள். மான்சாவில் முதல் சுற்றிலேயே பியாஸ்ட்ரி நோரிஸை முந்தினார், அந்தச் சந்தில் ஃபெராரியின் லெக்லேரும் புகுந்து இரண்டாம் இடத்துக்கு வந்து கடைசியில் ஜெயித்துவிட்டார். கத்தாரில் ஆபத்தை எச்சரிக்கும் மஞ்சள் கொடிக்கு வேகம் குறைக்காமல் நோரிஸ் தண்டனை வாங்கினார். சாம்பியன்ஷிப் ஓட்டிப் பழகாத அணி செய்யும் தவறுகள் இவை. கார் கட்டக் கற்றுக்கொண்டு விட்டார்கள், பட்டத்துக்காக ஓட்டுவதை அதன்பின்தான் கற்றார்கள்.

பாகுவில் மெக்லாரனின் பின் இறக்கை நேர்ச்சாலையில் லேசாக வளைந்து காற்றுக்கு வழிவிட்டது பெரிய பேச்சானது. பந்தயத்தை நிர்வகிக்கும் அமைப்பான எஃப்ஐஏ-வுடன் பேசி அதை மாற்றிக்கொள்ள அணி ஒப்புக்கொண்டது. அவ்வளவும் ஏமாற்று வேலை என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். அடுத்த வாரம் சிங்கப்பூரில், நேர்ச்சாலை குறைந்த, இறக்கையை நிமிர்த்தி வைக்கும் ட்ராக்கில், நோரிஸ் இருபது நொடிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். வளைந்த இறக்கை உதவியிருக்கும், ஆனால் வேகத்தின் வேர் அதில் இல்லை.

ஃபெராரியைப் பற்றி ஒரு விஷயம் எல்லோரும் தவறவிட்டார்கள். பாகுவிலிருந்து அபுதாபி வரை எடுத்த புள்ளிகளை அணிவாரியாகக் கூட்டினால் மெக்லாரன் 228, மெர்சிடிஸ் 176, ரெட் புல் 143. ஃபெராரி 245. நீங்கள் பார்த்த எட்டுப் பந்தயங்களின் சிறந்த அணி பட்டம் வென்ற அணி இல்லை. ஓட்டுநர்களிலும் அதே கதை: சார்ல் லெக்லேர் 139, வெர்ஸ்டாப்பனுக்கும் நோரிஸுக்கும் மேலே. வருடக் கடைசியில் மெக்லாரனுக்கும் ஃபெராரிக்கும் இருந்த 14 புள்ளி இடைவெளி என்பது ஒன்றுமே இல்லை. ஜூனில் கனடாவில் ஃபெராரியின் இரண்டு காரும் பந்தயத்தை முடிக்கவில்லை. ஸ்பெயினில் வந்த புதிய அடித்தளம் வேகமான வளைவுகளில் காரைக் குதிக்க வைத்து, சில வாரங்களை விழுங்கியது. பட்டம் அங்கே போனது. அபுதாபியில் முதல் வளைவிலேயே வெர்ஸ்டாப்பன் பியாஸ்ட்ரியை இடித்ததும், லெக்லேர் 19-ஆவது இடத்திலிருந்து மூன்றாவதாக வந்ததும் பார்த்திருப்பீர்கள். அன்று நோரிஸ் ஜெயிக்காமல் போயிருந்தால் கதை மாறியிருக்கக்கூடும்.

மெர்சிடிஸ் நான்கு பந்தயம் ஜெயித்தது, லாஸ் வேகாஸ் குளிரில் முதல் இரண்டு இடமும் அவர்களுக்கே. ஆனால் ஏன் ஜெயித்தோம், ஏன் தோற்றோம் என்பது அவர்களுக்கே தெளிவாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ட்ராக் குளிர்ந்திருந்தால் கார் பறந்தது, வெயிலில் தள்ளாடியது. அத்தகைய காரை வைத்துக்கொண்டு பட்டத்துக்குப் போக முடியாது.

சரி, 2025. கணிப்பைத் தொடங்கும் முன் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி புரியாது. அணிகளின் பட்டியலில் முதல் இடம் பிடித்தவருக்கு விண்ட் டனல் நேரம் மிகக் குறைவாகக் கிடைக்கும்: 70 சதவிகிதம். அடுத்த ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்து ஐந்தாகக் கூடி, பத்தாம் இடத்துக்கு 115. ஜூன் கடைசியில் அப்போதைய வரிசைப்படி மறுபடி பங்கிடுவார்கள். ஆக, 2025 ஜனவரி முதல் மெக்லாரனுக்கு 70, ஃபெராரிக்கு 75, ரெட் புல்லுக்கு 80. இத்தனை வருடமாக முதலிடத்தின் தண்டனையைச் சுமந்த ரெட் புல்லுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. செலவுக்கும் உச்சவரம்பு உண்டு, 2025-க்கு அடிப்படை 13.5 கோடி டாலர், அதன்மேல் பணவீக்கம் முதலிய சேர்க்கைகள். ஓட்டுநர் சம்பளம் அதில் வராது. அதனால்தான் ஹாமில்டனை வாங்க ஃபெராரியால் முடிந்தது. அதே காசைப் புதிய பாகத்தில் போட்டிருந்தால் வரம்பு இடித்திருக்கும்.

இன்னொன்று, 2026-இல் விதி மொத்தமும் மாறுகிறது. புதிய எஞ்சின், சக்தியில் ஏறக்குறையப் பாதி மின்சாரம், ஓடும்போதே கோணம் மாறும் இறக்கைகள். அந்தக் காரின் காற்றியல் வேலையை 2025 ஜனவரி 1-க்கு முன் தொடக்கூடாது என்று தடை இருந்தது. இப்போது தடை நீங்கிவிட்டது. ஆகவே 2025-இல் ஒவ்வொரு அணியும் ஒரே உலையில் இரண்டு பானை வைத்துச் சமைக்கிறது. எந்தப் பானையிலிருந்து எப்போது நெருப்பை இழுப்பார்கள் என்பதுதான் 2025-இன் பெரிய கேள்வி.

என் கணிப்பு: மெக்லாரன் முன்னால் தொடங்கும். இரண்டு ஓட்டுநரும் மாறவில்லை, கார் எல்லா ட்ராக்கிலும் ஓடுகிறது, விதியும் பெரிதாக மாறவில்லை. இதில் எனக்குச் சந்தேகம் குறைவு. அவர்களுக்கு ஆபத்து உள்ளேயிருந்துதான் வரும், இரண்டு பேரும் பட்டத்துக்கு வரும்போது அணித் தலைவர் ஆண்ட்ரியா ஸ்டெல்லா யாருக்கும் யாரையும் வழிவிடச் சொல்ல முடியாமல் நிற்பார். ஃபெராரி இரண்டாவது, ஆனால் அரை மனதோடுதான் சொல்கிறேன். கடைசி எட்டுப் பந்தயங்களில் 106 புள்ளி எடுத்த கார்லோஸ் சைன்ஸை அனுப்பிவிட்டு, இந்த ஜனவரியில் 40 வயது ஆகும் ஹாமில்டனை எடுத்திருக்கிறார்கள். பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் மழையில் 2024-இல் அவர் ஜெயித்ததைப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் தொடக்க வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில் அவர் சக ஓட்டுநர் ஜார்ஜ் ரஸ்ஸலுக்குப் பின்னால்தான் பெரும்பாலும் நின்றார் என்பதையும் மறைக்க முடியாது. காரும் பெருமளவு புதிதாகக் கட்டப்படுகிறது. ஓடிக்கொண்டிருந்த காரைப் புதிதாகக் கட்டுவது துணிச்சல். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

ரெட் புல்லில் பெரெஸின் இடத்துக்கு லியாம் லாசன் வருகிறார். இதுவரை 11 பந்தயம் ஓட்டிய பையன். நான்கு வருடமாக அதே குடும்பத்து இன்னொரு அணியில் ஓட்டிய யூகி சுனோடாவைத் தாண்டி அவரை எடுத்தார்கள். நல்ல ஓட்டுநர்தான். ஆனால் மேலே சொன்ன ஸ்பிரிங் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். காரின் குணம் மாறாமல் ஆளை மட்டும் மாற்றினால் லாசனும் பெரெஸ் நின்ற அதே மணலில்தான் போய் நிற்பார். வெர்ஸ்டாப்பன் மறுபடி சாம்பியன் ஆனால் நான் வியக்க மாட்டேன், ரெட் புல் மறுபடி அணிப் பட்டம் வென்றால் நிச்சயம் வியப்பேன். மெர்சிடிஸில் பதினெட்டு வயது கிமி அன்டோனெல்லி. மான்சா முதல் பயிற்சியில் சில நிமிடங்களிலேயே காரைச் சுவரில் கொண்டுபோய் வைத்த பையன், ஆனால் இடிப்பதற்கு முந்தைய சுற்று அசாத்திய வேகம். இந்த வருடம் அவர் எவ்வளவு புள்ளி எடுப்பார் என்று பந்தயம் கட்ட மாட்டேன்.

அடிவாரத்து ஆறு அணிகளை அவற்றின் புள்ளியை வைத்து எடைபோடாதீர்கள். அல்பைன் ஆறாவதாக முடித்த 65 புள்ளியில் 33 பிரேசிலில் ஒரே பிற்பகலில் வந்தது, மழையில் எஸ்டபான் ஓகான் இரண்டாவது, காஸ்லி மூன்றாவது. அந்த ஒரு நாளால் ஒன்பதாம் இடத்திலிருந்து ஆறுக்குத் தாவி, வருடம் முழுக்க உழைத்த ஹாஸை ஏழு புள்ளியில் பின்தள்ளியது. உண்மையில் நன்றாக நடந்த அணி ஹாஸ்தான். ஆனால் அதன் 58-இல் 41 எடுத்த நிக்கோ ஹுல்கன்பெர்க் சாபருக்குப் போகிறார். சாபர் முழு வருடமும் எடுத்தது நான்கே புள்ளி, அதுவும் கத்தாரில் ஜோ குவான்யூ ஒரே பந்தயத்தில் எடுத்தது. 2026-இல் அந்த அணி ஆடி ஆகிவிடும், அதுவரை பொறுத்துக்கொள்வார்கள். வில்லியம்ஸ் 17 புள்ளிதான், ஆனால் அடித்தட்டில் நான் காசு வைப்பதானால் அங்கேதான் வைப்பேன். ஆஸ்திரேலியாவில் ஆல்பன் காரை உடைத்தபோது மாற்றுச் சட்டகம் இல்லாமல், இன்னொரு ஓட்டுநரை உட்காரவைத்து அவர் காரை ஆல்பனுக்குக் கொடுத்தார்கள். அவ்வளவு பின்தங்கியிருந்த இடத்துக்குச் சைன்ஸ் போன்ற ஒருவர் வருவது புள்ளிக்காக மட்டும் இல்லை, எது எங்கே சரியில்லை என்று சொல்லத் தெரிந்த ஆள் அவர். ஆஸ்டன் மார்ட்டின் 2023-இல் எடுத்த 280-லிருந்து 94-க்கு விழுந்தது. நியூவி மார்ச்சில் அங்கே சேருகிறார், ஆனால் அவர் கண் 2026 கார் மேல்தான் இருக்கும். 2025-இல் அவர்களிடமிருந்து அதிசயம் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

என் கணிப்பு எங்கே உடையலாம் என்பதையும் சொல்கிறேன். பிப்ரவரிக் கடைசியில் பஹ்ரைனில் நடக்கும் சோதனை ஓட்டத்தில் யார் எவ்வளவு எரிபொருள் போட்டு ஓட்டினார்கள் என்று வெளியே யாருக்கும் தெரியாது. பத்து கிலோ எரிபொருள் கூடுதலாக இருந்தாலே சுற்றுக்கு ஏறக்குறையப் பத்தில் மூன்று பங்கு நொடி போய்விடும். ஆகவே அந்த மூன்று நாள் நேரப் பட்டியலைப் பார்த்து யாராவது உறுதியாகப் பேசினால், நான் உட்பட, நம்பாதீர்கள். மெக்லாரனும் ஃபெராரியும் மே, ஜூனிலேயே 2026-க்குத் தாவிவிட்டால், பின்னால் இருப்பவர் கடைசி வரை மாற்றம் கொண்டுவந்து எட்டிப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படி நடந்தால் அது பெரும்பாலும் ரெட் புல்லாக இருக்கும், ஏனென்றால் அவர்களிடம் இழப்பதற்கு நான்கு முறை சாம்பியன் ஒருவர் இருக்கிறார். கார் மெதுவாக இருந்தால் அவர் வேறு வாசல் தேடலாம்.

2025 மார்ச் 16-ஆம் தேதி மெல்போர்னில் சீசன் தொடங்குகிறது. அதற்கு முதல் நாள் தகுதிச் சுற்றில் முதலிடம் யார் என்று எல்லோரும் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். அப்புறம் பட்டியலில் கொஞ்சம் கீழே இறங்கி, வெர்ஸ்டாப்பனுக்கும் லாசனுக்கும், லெக்லேருக்கும் ஹாமில்டனுக்கும், நோரிஸுக்கும் பியாஸ்ட்ரிக்கும் நடுவே எத்தனை நொடி என்று மூன்று கழித்தல் மட்டும் போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். சீனாவிலும் ஜப்பானிலும் அதையே செய்யுங்கள். மூன்று பந்தயம் முடிந்ததும் அந்தத் தாளோடு வந்து மறுபடி கேளுங்கள், என் கணிப்பில் எதை அடித்துத் திருத்த வேண்டும் என்று சேர்ந்தே பார்க்கலாம்.